அம்மாவின் சிகிச்சைக்குத் தமிழகம் போகிறீர்கள்: காசை எங்கே, எப்படி மாற்றுவது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக அடுத்த மாதம் திருச்சி போகிறார்கள். கையில் மூன்று இலட்சம் ரூபா அளவில் இருக்கிறது, மீதியைச் சுவிஸில் இருக்கும் அண்ணா அனுப்புவார். வவுனியாவில் மாற்றுவதா, யாழ்ப்பாணத்தில் மாற்றுவதா, கொழும்புக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்குமா, டொலராக வாங்குவதா இந்திய ரூபாவாகவே வாங்குவதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே, அனுமதி இல்லாமல் காசு மாற்றி அனுப்பித் தருபவர்) ஒருவர் வங்கியைவிட நல்ல வீதம் தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். எந்தக் கடை மலிவு என்பது மேலோட்டமான கேள்வி. சிகிச்சைக்கென்று சேர்த்த காசில் வழியிலேயே கரைந்துபோவது எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது என்பதே உண்மையில் அவர் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வங்கிக் கிளைகளின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வங்கி நடைமுறை என் தொழில். சுங்கமும் விசாவும் என் துறை அல்ல. அவற்றில் நானும் விதியைப் படித்துத் தெரிந்துகொண்டவனே. கீழே எடுத்துக்காட்டுக்காகத் தரும் வீதங்கள் கணக்கு விளங்குவதற்கு மட்டும். நீங்கள் மாற்றும் நாளில் வங்கிப் பலகையில் இருக்கும் எண்களைப் போட்டு அதே கணக்கைச் செய்து பாருங்கள்.

எந்த வங்கியிலும் எந்தக் கடையிலும் ஒரு நாணயத்துக்கு இரண்டு விலை இருக்கும். உங்களிடமிருந்து டொலரை 297 ரூபாவுக்கு வாங்குவார்கள், உங்களுக்கு 305 ரூபாவுக்கு விற்பார்கள். இடையிலுள்ள எட்டு ரூபா அவர்களுடைய வரும்படி. இது தவறு அல்ல, அவர்களுடைய தொழில் அது. ஆனால் காசு ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இந்த இடைவெளியில் ஒரு பங்கை நீங்கள் விட்டுவிட்டு வருகிறீர்கள். கடைக்குக் கடை வீதம் சில சதங்களோ ஒரு ரூபாவோ வேறுபடும். எத்தனை முறை மாறுகிறது என்பதால் ஏற்படும் இழப்போ அதைவிடப் பல மடங்கு. வன்னியில் நான் கண்ட குடும்பங்களில் பெரும்பாலானவை கடையைத் தேடி அலைந்தனவே தவிர, காசு எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

உங்கள் அண்ணாவின் காசையே எடுத்துக்கொள்வோம். அவர் பிராங்கில் அனுப்புகிறார். அது இங்கே வங்கியில் இலங்கை ரூபாவாக மாறி உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. பிறகு அந்த ரூபாவைக் கொடுத்து டொலர் வாங்குகிறீர்கள். திருச்சியில் டொலரைக் கொடுத்து இந்திய ரூபா வாங்குகிறீர்கள். மூன்று மாற்றம். 1,000 டொலர் பெறுமதியான காசுக்கு வங்கி உங்களுக்குத் தந்தது 2,97,000 ரூபா. அதே 1,000 டொலரைத் திருப்பி வாங்க நீங்கள் கொடுப்பது 3,05,000 ரூபா. எட்டாயிரம் ரூபா போய்விட்டது, காசு இன்னும் நாட்டை விட்டுக் கிளம்பவேயில்லை. முல்லைத்தீவில் ஒரு கூலித் தொழிலாளி அந்த எட்டாயிரத்துக்கு எத்தனை நாள் வெயிலில் நிற்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, அண்ணாவின் காசை இலங்கை ரூபாவாக மாறவிடாமல் தடுப்பது. அதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறப்பது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முன்பு பல பெயர்களில் இருந்த கணக்குகளை ஒன்றாக்கி இந்தக் கணக்கை உருவாக்கினார்கள். இலங்கையில் வசிப்பவரும் இதைத் திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் காசு பிராங்காகவோ டொலராகவோ அப்படியே இருக்கும். பயணத்துக்கு முன் கடவுச்சீட்டையும் விமானச்சீட்டையும் காட்டி அதிலிருந்து வெளிநாட்டுத் தாள்களாக எடுக்கலாம். வங்கியில் அவ்வளவு தாள் கையிருப்பில் இருக்கவேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளைகள் டொலர்த் தாள்களை அடுக்கி வைத்திருப்பதில்லை. பெரிய கிளையிலிருந்து வரவழைக்கவேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். தாளாக எடுப்பதற்குக் கழிவு அறவிடுவார்களா என்பதையும் கணக்குத் திறக்கும் அன்றே கேளுங்கள், அது வங்கிக்கு வங்கி வேறுபடும். வங்கி மூலம் அனுப்பும்போது அனுப்பும் கட்டணத்தை யார் கொடுப்பது என்று படிவத்தில் கேட்பார்கள். அண்ணாவே கொடுப்பதாகக் குறிக்காவிட்டால் இடையிலுள்ள வங்கிகள் ஆளுக்கொரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும். அந்தக் கட்டணம் பெரும்பாலும் தொகையைப் பொறுத்ததல்ல, தடவையைப் பொறுத்தது. நாலு தடவை சிறிது சிறிதாக அனுப்புவதைவிட ஒரே தடவையில் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: காசு இலங்கைக்கு வரவே தேவையில்லை. வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணம் அனுப்பும் சேவைகளின் மூலம் அண்ணா சுவிஸிலிருந்து நேராகத் திருச்சியில் இருக்கும் உங்களுக்கு அனுப்பலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் பணப் பரிமாற்றச் சேவைத் திட்டம், குடும்பச் செலவுக்கான காசையும் இந்தியாவுக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரும் காசையும் அனுமதிக்கிறது. ஒரு தடவைக்கு உச்ச வரம்பு 2,500 டொலர். பிராங்கிலிருந்து இந்திய ரூபாவுக்கு ஒரே மாற்றம், அவ்வளவுதான். ஆனால் ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். கட்டணத்தைக் குறைத்துவிட்டு வீதத்தில் எடுத்துக்கொள்வார்கள். 1,000 பிராங் கட்டினால் அந்தப் பக்கத்தில் எத்தனை இந்திய ரூபா கையில் கிடைக்கும் என்று மட்டும் இரண்டு மூன்று சேவைகளிடம் கேட்டு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இதில் எங்கள் ஆட்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். அண்ணாவுக்கு அம்மா வீட்டுப் பெயரால்தான் பழக்கம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும், அம்மாவின் பெயர் பின்னால் வரும், அதிலும் ஓர் எழுத்துக் கூடியிருக்கும். ஒரு எழுத்துப் பிசகினாலும் கருமபீடத்தில் இருப்பவர் காசைத் தரமாட்டார், தரவும் கூடாது. கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பி, அதைப் பார்த்தே படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். மருத்துவமனை தன் வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து நேராகக் காசு பெறுமானால் சிகிச்சைக் கட்டணத்தை அண்ணா அங்கேயே கட்டிவிடலாம். பெரிய மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், பற்றுச்சீட்டையும் அம்மாவின் பெயரிலேயே வாங்குங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் மூன்று இலட்சத்துக்கு வருவோம். இது ஏற்கெனவே இலங்கை ரூபா, எப்படியும் மாற்றியாகவேண்டும். டொலராக வாங்கி அங்கே மாற்றினால் இரண்டு மாற்றம், இந்திய ரூபாவாகவே இங்கே வாங்கினால் ஒரு மாற்றம். அப்படியானால் இரண்டாவதுதானே மலிவு என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. இங்கே இந்திய ரூபாத் தாள்களின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான தூரம் டொலரைவிட அதிகம். கணக்கு இதுதான்: இங்கே டொலர் 305, திருச்சியில் ஒரு டொலருக்கு 86 இந்திய ரூபா கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 305ஐ 86ஆல் பிரித்தால் ஓர் இந்திய ரூபா உங்களுக்கு ஏறத்தாழ 3 ரூபா 55 சதத்துக்கு வருகிறது. இங்கே கடைக்காரர் ஓர் இந்திய ரூபாவை 3.70க்குத் தந்தால், 50,000 இந்திய ரூபாவுக்கு நீங்கள் 7,500 ரூபாவுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அவர் 3.50க்குத் தந்தால் இங்கேயே வாங்குவது இலாபம். அப்படியும் நடந்திருக்கிறது: தமிழகத்திலிருந்து வருவோர் மாற்றிவிட்டுப் போகும் இந்திய ரூபா யாழ்ப்பாணத்தில் சில வேளைகளில் தேங்கிவிடும், அப்போது விலை இறங்கும். அது எப்போது என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. இந்த ஒரு வகுத்தலைச் செய்யத் தெரிந்தால் யார் சொல்வதையும் நம்பவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இந்திய ரூபாவை இங்கிருந்து கொண்டுபோவதில் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர், பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்கள் தவிர, 25,000 ரூபா வரை இந்தியத் தாள்களைக் கொண்டுவரலாம் என்கிறது இந்திய விதி. ஆனால் அந்த அனுமதி விமான நிலையம் வழியாக வருபவருக்கு மட்டும். பலாலியிலிருந்து விமானத்தில் திருச்சிக்கோ சென்னைக்கோ போனால் பொருந்தும். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் போனால் அந்த விதியின் சொற்படி பொருந்தாது. கப்பலில் போவதாக முடிவெடுத்தால் இந்திய ரூபாவை இங்கே வாங்கவேண்டாம், டொலராகவே கொண்டுபோங்கள். டொலருக்கு இந்தியப் பக்கத்தில் தடை இல்லை. தாளாக 5,000 டொலருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் படிவம் நிரப்பி அறிவிக்கவேண்டும். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. எங்கள் பக்கத்தில், ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டு நாணயத்தின் அளவை 2022இல் 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். இலங்கை ரூபாவை ஒருவர் 20,000 வரையே நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லலாம். ‘அங்கே போய் மாற்றிக்கொள்வோம்’ என்று இலங்கைத் தாள்களைக் கட்டாகக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே அதற்கு நல்ல விலையும் கிடைக்காது.

கொழும்புக்குப் போகவேண்டுமா? கோட்டை முதலிகே மாவத்தையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் போட்டி உண்டு, வீதமும் சற்று நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் மூன்று இலட்சத்துக்கு ஏறத்தாழ 980 டொலர் வரும். டொலருக்கு ஒரு ரூபா குறைத்து வாங்கினாலும் மிச்சம் 980 ரூபா. புதுக்குடியிருப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் பஸ் செலவுக்கே அது போதாது, அலைச்சல் வேறு. வங்கியிலேயே வாங்குங்கள். பலாலியில் ஏறுவதானால் வழியில் யாழ்ப்பாணத்தில் வாங்கலாம். கடையில் வாங்குவதானால் மத்திய வங்கி வழங்கிய அனுமதிப் பத்திரம் சுவரில் தெரியும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற நாணய மாற்றுநர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்திலும் இருக்கிறது. நகைக்கடையிலோ தொலைபேசிக் கடையிலோ மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தருபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அனுமதி பெற்றவர் அல்ல. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு டொலரும் வாங்கவேண்டாம். சுங்கத்தில் ‘இந்தக் காசு எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் உங்களிடம் இருக்கும்.

தாளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் இதனால் நட்டப்பட்டவர்கள் ஏராளம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போன தாள்களை எங்கள் வயதானவர்கள் செலவழிக்காமல் வைத்திருப்பார்கள். பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்து, பல ஆண்டு கழித்து வங்கிக்குக் கொண்டுவருவார்கள். நாலாக மடித்த 50 பிராங் தாள், மடிப்பில் சாயம் போய் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், மூலையில் யாரோ பேனாவால் எண்ணி எழுதிய இலக்கம் இருக்கும். சுவிஸின் பழைய எட்டாம் தொடர்த் தாள்கள் 2021 ஏப்ரல் 30 உடன் செல்லாக் காசாகிவிட்டன. சுவிஸ் தேசிய வங்கி மட்டும் காலவரையறை இல்லாமல் மாற்றித் தரும். அண்ணா வரும்போது கொடுத்துவிடலாம், இங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் 20, 50 பவுண் கடதாசித் தாள்களும் 2022 செப்டெம்பர் 30 உடன் முடிந்துவிட்டன. டொலர் எந்தக் காலத்துத் தாளானாலும் அமெரிக்காவில் செல்லும், ஆனால் இந்தியாவில் கடைக்காரர் பழைய தொடரையும் கிழிசலையும் பேனாக் கீறலையும் பார்த்தால் ஒதுக்குவார் அல்லது விலையைக் குறைப்பார். வாங்கும்போதே புதிய, சுத்தமான 100 டொலர்த் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள்; சிறிய தாள்களுக்கு அங்கே வீதம் குறைவு. தமிழக முகாம்களிலிருந்து திரும்பி வந்த உறவினர் யாராவது ‘என்னிடம் இந்தியக் காசு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ’ என்று அன்போடு தந்தால் முதலில் தாளைப் பாருங்கள். 2016 நவம்பர் 8 அன்று இரவு இந்தியா பழைய 500, 1,000 ரூபாத் தாள்களைச் செல்லாதவை ஆக்கியது. 2,000 ரூபாத் தாளை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து மீளப்பெறத் தொடங்கினார்கள், கடைகளில் அதையும் எடுக்கமாட்டார்கள்.

உண்டியல் பற்றி. வன்னிக் குடும்பங்கள் எவ்வளவோ காலம் அதை நம்பியே வாழ்ந்தன. போர்க்காலத்தில் வங்கி எட்டாத ஊர்களுக்கு அது காசு கொண்டுவந்தது. அதை நான் மறுக்கமாட்டேன், அப்படி வாங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இன்று நிலைமை வேறு. அனுமதி இல்லாமல் நாணயம் மாற்றுவது சட்டத்துக்கு எதிரானது, இதில் ஐயமே இல்லை. டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் உண்டியலுக்கும் வங்கிக்கும் வீதத்தில் பெரிய இடைவெளி இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவைத் தளர்த்தியபின் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது. சில ஆயிரம் ரூபா மிச்சத்துக்காக, ஏமாற்றப்பட்டால் முறையிட இடமில்லாத ஒரு வழியில், அம்மாவின் கண்ணுக்கான காசை விடவேண்டாம். உங்களிடம் அழுத்திக் கேட்பது இது ஒன்றைத்தான்.

இப்போதே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு உறுதியான பதில் சொல்பவரை நம்பாதீர்கள். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் வாங்கியவர் தப்பினார். 360 ரூபாவுக்கு மேல் இருந்தபோது இன்னும் ஏறும் என்று வாங்கி ஒளித்தவர், 2023 நடுப்பகுதியில் 300ஐ ஒட்டி இறங்கியபோது தலையில் கை வைத்தார். ஒரு மாதம்தான் இருக்கிறது. பாதியை இப்போதும் பாதியைப் பயணத்துக்கு முந்தைய வாரத்திலும் வாங்கினால் எந்தப் பக்கம் அசைந்தாலும் அடி பாதியாகும். நகையை அடகு வைத்துத்தான் வாங்கவேண்டுமென்றால் கடைசி வாரம் வரை பொறுங்கள், வட்டி மிச்சம்.

திருச்சியில் இறங்கியதும் விமான நிலையக் கருமபீடத்தில் வாகனச் செலவுக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் 50 டொலர் மட்டும் மாற்றுங்கள். அங்கே வீதம் எப்போதும் மோசம். மீதியை நகருக்குள் அனுமதி பெற்ற இரண்டு கடைகளில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஓர் இலட்சம் இந்திய ரூபாவுக்குள் மாற்றினால் சரக்கு, சேவை வரி ஏறத்தாழ நூற்றுக்கு 18 பைசா, குறைந்தது 45 ரூபா. அதற்கு மேல் ‘வரி’ என்று பெரிய தொகையைக் கழித்தால் கணக்குக் கேளுங்கள். மாற்றியதற்கான சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மிஞ்சும் இந்திய ரூபாவைத் திரும்ப டொலராக்க அதைத்தான் கேட்பார்கள். தேநீர்க் கடை வரை கைபேசியால் காசு கட்டும் ஊர் அது, ஆனால் நீங்கள் இங்கே பயன்படுத்தும் வங்கிச் செயலியை நம்பிப் போகவேண்டாம். 2024 பெப்ரவரியில் இரண்டு நாட்டுக் கட்டண முறைகளையும் இணைத்தது இந்தியப் பயணிகள் இங்கே கட்டுவதற்காகவே. ஆகவே சில்லறையாக 100, 200 ரூபாத் தாள்கள் கையில் இருக்கட்டும்.

வங்கி அட்டையை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். போவதற்கு முன் வெளிநாட்டில் வேலை செய்யும்படி அதைத் திறந்துவிடச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் துப்பிவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலையான கட்டணமும் மாற்று வீதத்தின் மேல் ஒரு பங்கும் போகும். எடுத்தால் ஒரே தடவையில் எடுங்கள். ‘இலங்கை ரூபாவில் கணக்கிடவா’ என்று இயந்திரத் திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், இந்திய ரூபாவையே தெரிவு செய்யுங்கள். அங்கே அவர்கள் போடும் வீதம் உங்கள் வங்கியின் வீதத்தைவிட எப்போதும் கூடுதல்.

நாளை காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பேருடைய கடவுச்சீட்டுடனும் அடையாள அட்டையுடனும் உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள். வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்க எத்தனை நாள் ஆகும், பயணத் தேதிக்குள் 100 டொலர்த் தாள்கள் வருமா என்ற இரண்டையும் கேளுங்கள். வராது என்றால் கணக்கைத் திறக்கும் முயற்சியை விட்டுவிட்டு, அண்ணாவின் காசை நேரே திருச்சிக்கு அனுப்பும்படி அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.